அகராதியைக் கடைசியில் எழுதுங்கள்: சொந்தமாக மொழி செய்ய ஆசைப்படுபவர்களுக்கு

சொந்தமாக ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனை வார்த்தை ஆச்சு?" காப்பிக்கடையில் கேட்டார்கள், வேலையிடத்தில் கேட்டார்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மைத்துனர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார். இதில் புதிதாக இறங்குபவர்களும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் வீடு, மரம், தண்ணீர் என்று எழுதுவது, வலப்பக்கம் வாய்க்கு வந்த ஒலியை எழுதுவது. நூறு வார்த்தை சேர்வதற்குள் சலித்துவிடும். சலிக்காமல் தொடர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கடைசியில் கையில் இருப்பது மாறுவேடம் போட்ட தமிழ்தான். சின்ன வயதில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்து 'க பாஷை' பேசியிருப்பீர்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் சொல்லும் வழி வேறு. முதலில் ஒரு வாக்கியம். அதைச் சொல்ல ஓர் ஆள், சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணம். வார்த்தைகள் தேவைப்படும்போது வந்து சேரட்டும். அகராதி கடைசி வேலை.

நான் யார் இதைச் சொல்ல? சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறேன், லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். மொழியியல் படித்ததில்லை. உயர்நிலைப் பள்ளியில் இலக்கண வகுப்பு என்றால் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டவன். இப்போது நன்னூல் உரையை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து என் மனைவி, "இதை அப்பவே செஞ்சிருந்தா ஏ1 வாங்கியிருக்கலாமே" என்கிறார். நியாயமான பேச்சுதான்.

பேசுபவர்களை முதலில் குடியமர்த்துங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் நோக்கம் பலவகை. 1887ல் வார்சாவில் எஸ்பெராண்டோவை வெளியிட்ட கண் மருத்துவர் சாமென்ஹாஃபுக்கு உலகம் முழுக்க ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. 2001ல் டோக்கி போனாவை வெளியிட்ட சோன்யா லாங், எவ்வளவு குறைந்த சொற்களோடு ஒரு மொழி நடக்கும் என்று பார்த்தார். ஏறக்குறைய 120 சொற்களில் நடக்கிறது. சினிமாவுக்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த உதாரணம், 2015ல் வந்த பாகுபலியில் காலகேயர் பேசும் கிளிக்கி. மதன் கார்க்கி செய்தது. நாக்கைச் சொடுக்கும் ஒலியைக் கேட்டவுடனே இவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். படத்துக்கு அதுதானே வேண்டும்.

உங்கள் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் முதல் மொழி என்றால், கற்பனையில் ஒரு சிறு கூட்டத்தைக் குடியமர்த்திக்கொள்வது நல்லது. இலக்கணத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் 'இப்படி வைக்கவா, அப்படி வைக்கவா' என்ற கேள்வி வரும். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் பதில் தானாகக் கிடைக்கும். தெரியாவிட்டால் நாணயத்தைச் சுண்டிப் போட வேண்டியதுதான்.

என் ஆட்கள் ஒரே ஒரு கட்டடத்தில் வாழ்கிறார்கள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் அடுக்குமாடி புளோக் மாதிரி, ஆனால் உச்சி முடியாத புளோக். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு மேலே ஒரு மாடி கட்டிவிட்டுப் போகும். கிழவர்கள் கீழே, பிள்ளைகள் மேலே. யாரும் தரையைப் பார்த்ததில்லை. நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்குபவனுக்கு வேறென்ன தோன்றும்! உங்களுக்கு உங்கள் வேலை, உங்கள் சமையலறை, உங்கள் பேருந்துப் பயணம் எதையாவது தரும். டிராகனும் இளவரசியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிராகனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

ஒலிகள்: குறைவாக எடுங்கள்

மனிதர்கள் பேசும் ஒலிகளுக்கெல்லாம் குறியீடு தரும் பன்னாட்டு ஒலியெழுத்து என்று ஒன்று உண்டு. அதன் அட்டவணையை ஒருமுறை பாருங்கள். உதட்டிலிருந்து தொண்டை வரை எந்த இடத்தில் ஒலி பிறக்கிறது என்று கட்டம் கட்டமாக இருக்கும். நம் இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பு என்று படித்தது இதே விஷயம்தான். தொல்காப்பியத்தில் அதற்குத் தனியாக ஓர் இயலே இருக்கிறது. பார்த்துவிட்டு அட்டவணையை மூடிவையுங்கள். புதியவர்கள் அதில் அழகாக இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, கடைசியில் தங்களாலேயே உச்சரிக்க முடியாத மொழியோடு நிற்பார்கள்.

நான் எடுத்தது ஒன்பது மெய்கள்: ப், த், க், ம், ன், ங், ல், ஸ், ழ். உயிர்கள் மூன்று: அ, இ, உ. குறில் மட்டும். ழ எதற்கென்றால் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ங எதற்கென்றால் அதைச் சொல்லின் முதலில் வைத்துப் பார்க்க ஆசை. தமிழில் ங-வில் தொடங்கும் சொல்லைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆனால் இங்கே சீன நண்பர்களில் 'ங்' என்றே குடும்பப் பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர்! காது நாள்தோறும் கேட்கும் ஒலிதான், நம் எழுத்து மரபுதான் அதை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது.

இங்கே ஒரு யோசனை. தமிழ் எழுத்தில் எழுதப் போகிறீர்கள் என்றால், அதன் வரம்பையே உங்கள் மொழியின் விதியாக்கிவிடுங்கள். ப என்று ஒரே எழுத்துதான் இருக்கிறது. பல் என்னும்போது ஒரு மாதிரி, அம்பு என்னும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. எந்த இடத்தில் எது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மொழியிலும் அப்படியே விட்டேன். புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்து கண்டுபிடிக்கும் தொல்லை மிச்சம்.

அடுத்தது அசை. தமிழில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று மனப்பாடம் செய்தோமே, உங்கள் மொழிக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். ஒரு மொழியின் முகவெட்டு அதில்தான் இருக்கிறது. என் விதி: ஒவ்வோர் அசையும் மெய்யில் தொடங்கும், பிறகு உயிர், கடைசியில் வேண்டுமானால் ன், ங், ல் மூன்றில் ஒன்று. கணக்குப் போட்டால் 9 மெய் பெருக்கல் 3 உயிர், 27. ஈற்றில் ஒன்றும் இல்லாமலோ மூன்றில் ஒன்றோடோ வரலாம் என்பதால் நான்கால் பெருக்க 108. ஈரசைச் சொற்கள் மட்டும் 108 பெருக்கல் 108, அதாவது 11,664. ஒன்பது மெய் போதுமா என்று கவலைப்படுபவர்களுக்காக இந்தக் கணக்கு.

மொழிக்குப் பெயர் ஙிழல். 'ஙி' என்றால் வாய், 'ழல்' என்றால் மாடி. மாடியின் வாய். என் கைப்பேசி ஒவ்வொரு தடவையும் அதை 'நிழல்' என்று திருத்திவிட்டுப் பெருமைப்படுகிறது.

கோப்பிக் கடையில் இலக்கணம்

இலக்கணம் என்றாலே பயப்படுபவர்களுக்கு, காப்பிக்கடை வரிசையில் நிற்கச் சொல்வேன். வெறும் 'கோப்பி' என்றால் கெட்டிப்பாலோடு, இனிப்போடு வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் ஆவிப்பால். 'காவ்' சேர்த்தால் கடுப்பாக. 'சியூ டாய்' என்றால் இனிப்பு குறைவு, 'கோசோங்' என்றால் இனிப்பே இல்லை. கடைசியில் 'பெங்' போட்டால் ஐஸ். கோப்பியை எடுத்துவிட்டு 'தே' போடுங்கள், அதே வால்கள் தேநீருக்கும் ஒட்டும். ஹொக்கியனும் மலாயும் இன்னும் சிலவும் கலந்த இந்தத் துண்டுகளை யாரும் இலக்கணம் என்று படித்ததில்லை. ஆனாலும் 'கோப்பி சி காவ் சியூ டாய் பெங்' என்று அடுக்கினால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கலக்கிவிடுவார்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம், ஒன்றும் ஒட்டாத 'கோப்பி'. பாலும் இனிப்பும் கலந்ததுதான் இங்கே வழக்கம், அதனால் அதற்கு அடையாளம் தேவையில்லை. வழக்கத்திலிருந்து விலகினால்தான் வால். தமிழிலும் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. மற்றவற்றுக்குத்தான் ஐ, ஆல், கு. ஆக, உங்கள் ஆட்களுக்கு எது வழக்கமோ அதை வெறுமையாக விடுங்கள். ஒரு மொழியில் எங்கே வால் இல்லை என்று பார்த்தால், அந்த ஊரில் எது சாதாரணம் என்று தெரிந்துவிடும்.

என் மாடிவாசிகளுக்குச் சாதாரணம் தங்கள் மாடிக்குள்ளேயே நடப்பது. எனவே 'தங்' என்றால் அதே மாடியில் போவது, வருவது. மேலே என்றால் '-ஸு' ஒட்டும், தங்ஸு. கீழே என்றால் '-பு'. வினையில் மேல், கீழ் காட்டுவது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக் கொஞ்ச நாள் மகிழ்ந்திருந்தேன். நேபாள மலைப்பகுதியின் ராய் மொழிகள் சிலவற்றில் மேலே, கீழே, சமமட்டம் என்ற பாகுபாடு இலக்கணத்திலேயே ஊறியிருக்கிறது. மலையில் வாழ்பவர்களுக்கு அது தோன்றாமலா இருக்கும்? நீங்கள் எதைக் கற்பனை செய்தாலும் எங்கோ ஒரு மொழியில் அதற்கு அண்ணன் இருப்பான். அதனால் தைரியமாகச் செய்யுங்கள்.

தங் + பு என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ங்-லிருந்து ப்-க்குத் தாவ நாக்கு சோம்பல்படுகிறது, உதடு முன்கூட்டியே மூடிக்கொள்கிறது. 'தம்பு' ஆகிவிடுகிறது. சரி, விதி எழுதிக்கொண்டேன்: ன், ங் இரண்டும் ப-வுக்கு முன் ம் ஆகும். நன்னூல் புணர்ச்சிக்கு எத்தனையோ நூற்பா ஒதுக்கியதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த விதிகளைத் தாளில் தேடாதீர்கள். வாக்கியத்தை உரக்க, வேகமாக, எரிச்சலோடு சொல்லிப் பாருங்கள். நான் லிஃப்ட் மோட்டார் அறையில் சொல்லிப் பார்ப்பேன். அங்கே சத்தத்துக்குக் குறைவில்லை, யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

வரிசை

சொற்களை எந்த வரிசையில் வைப்பது? தமிழில் வினை கடைசியில். மலாயிலும் மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் நடுவில். இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வினை முதலில் வருவது வழக்கமில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ அக்காவிடம் கேட்டால் 'குமாயின் அகோ' என்பார்: சாப்பிட்டேன் நான். தாகலோகில் வினைதான் முதலில். அதை எடுத்துக்கொண்டேன்.

உலக மொழி அமைப்புகளின் வரைபடத் தொகுப்பு ஒன்று, 'வால்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதன் சொல்வரிசை வரைபடத்தில் 1,376 மொழிகள். தமிழைப் போல எழுவாய், செயப்படுபொருள், வினை என்று வருபவை 564. ஆங்கிலம்போல வினை நடுவில் வருபவை 488. வினை, எழுவாய், செயப்படுபொருள் என்று வருபவை 95தான். செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் கடைசியிலும் வருவது வெறும் 11. 1984ல் வந்த ஸ்டார் டிரெக் படத்துக்காகக் கிளிங்கான் மொழியை விரிவாக்கிய மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் அந்த 11 பேர் வரிசையைத்தான் அதற்குக் கொடுத்தார். வேற்றுக்கிரகவாசி அந்நியமாக ஒலிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

வரிசையைத் தேர்ந்தெடுத்தால் அதோடு சில விருந்தாளிகளும் சேர்ந்து வருவார்கள். ஜோசப் கிரீன்பெர்க் 1963ல் முப்பது மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுவிதிகளை எழுதினார். அதில் ஒன்று: வினை, எழுவாய், செயப்படுபொருள் என்ற வரிசை உள்ள மொழிகளில் 'இல்', 'மேல்', 'க்கு' போன்றவை பெயருக்கு முன்னால் வரும். நமக்குப் பின்னால் வருவதற்கும் வினை கடைசியில் இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று நான் பள்ளியில் கேள்விப்பட்டதே இல்லை. இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மீறினால் தெரிந்து மீறுங்கள். 'ஙி ழல்' என்பதில் வாய் முதலிலும் மாடி பின்னாலும் வந்தது இந்தக் குடும்பப் பழக்கத்தால்தான்.

'மிலு' என்றால் பாட்டி. 'தங்ஸு மிலு': பாட்டி மேலே வந்தார். முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது. 'பகி' தண்ணீர், 'கன்' கொண்டுபோவது. பாட்டி தண்ணீரைக் கீழே கொண்டுபோனார் என்றால் 'கம்பு மிலு பகி'. தமிழ்க் காதுக்குக் கம்பு வேறு கம்புதான். பரவாயில்லை, அசல் மொழிகளிலும் இப்படி இடிக்கும், விட்டுவிட்டேன்.

வந்தார், வருகிறார், வருவார் எங்கே என்று கேட்பீர்கள். வைக்கவில்லை. காலத்தை வினைக்குள் செருகியே ஆக வேண்டும் என்று நினைப்பது நம் பழக்கம். மலாய்க்காரர்கள் 'சுடா' என்று ஒரு சொல்லைச் சேர்த்து முடிந்ததைச் சொல்லிவிடுகிறார்கள், வினை அசையாமல் அப்படியே நிற்கிறது. என் ஆட்களுக்கு முன்னோர் கீழே இருப்பதால் கடந்த காலமும் கீழே. 'ஸகு' நாள், 'ஸகுபு' நேற்று, 'ஸகுஸு' நாளை. மாண்டரினில் நேர் தலைகீழ்: போன மாதம் 'மேல் மாதம்', அடுத்த மாதம் 'கீழ் மாதம்'. என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, உங்கள் ஆட்கள் தலைகீழாகத் தொங்குகிறார்களா என்று கேட்டார்.

யார் சொன்னது?

ஙிழலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? ஓர் 'ஆம்'. நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், பொய்யாக இருந்தால் என்னைப் பிடிக்காதே என்பதெல்லாம் அதில் அடக்கம். மொழியியலில் இதற்குச் சான்றுநிலை என்று பெயர் சொல்கிறார்கள். துருக்கி மொழியில் வினையிலேயே இதற்கு விகுதி உண்டு. அமேசான் பகுதியில் பேசப்படும் துயூக்கா மொழியில், பார்த்ததா, கேட்டதா, ஊகித்ததா என்று காட்டாமல் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கவே முடியாது.

நமக்கு வேண்டிய கச்சாப்பொருள் அடுக்குமாடியிலேயே கிடக்கிறது. வீவக வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், நள்ளிரவில் மேல்வீட்டில் கோலிக்குண்டு உருளும் சத்தம். மேலே போய்க் கேட்டால் அங்கே கோலிக்குண்டும் இருக்காது, குழந்தையும் இருக்காது. அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசாத சிங்கப்பூரர் உண்டா? சுவருக்கு அப்பால் இருப்பவர்களைக் கண்ணால் அறிவதைவிடக் காதால் அறிவதுதான் இங்கே அதிகம். சமையல் சத்தம், சண்டை, பியானோ பயிற்சி.

அதனால் ஙிழலில் வாக்கியத்தின் கடைசியில் மூன்றில் ஒன்று கட்டாயம். 'லு' என்றால் கண்ணால் பார்த்தேன். 'ஙு' என்றால் சுவர் வழியாகக் கேட்டேன். 'மில்' என்றால் யாரோ சொன்னார்கள்.

தம்பு மிலு லு: பாட்டி கீழே போனார், பார்த்தேன்.
தம்பு மிலு ஙு: பாட்டி கீழே போயிருக்கிறார், செருப்புச் சத்தம் கேட்டது.
தம்பு மிலு மில்: பாட்டி கீழே போனாராம்.

வாக்கியத்தின் வாலில் சின்ன அசையை வைத்து முழு மனநிலையையும் மாற்றுவது சிங்கப்பூர்க் காதுக்குப் புதிதில்லை. 'லா' போட்டால் ஒன்று, 'மே' போட்டால் நம்பிக்கையில்லாத கேள்வி, 'லோர்' போட்டால் வேறு வழியில்லை என்ற பெருமூச்சு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இவற்றைப் பழக ஆண்டுக்கணக்கில் திணறுவார்கள். நமக்கு இலவசமாக வந்தது, பயன்படுத்திக்கொள்வோம்.

இந்த மூன்றும் வந்த பிறகுதான் என் ஆட்களுக்குள் சண்டை போட முடிந்தது. 'லு' போட்டுச் சொன்ன ஒருவனை, நீ பார்க்கவில்லை, 'ஙு'தான் என்று இன்னொருத்தி மடக்குகிறாள். வீட்டில் என் மகளுக்கும் இது தொற்றிவிட்டது. "அம்மா திட்டினாங்க" என்று நான் சொன்னால், "லுவா, ஙுவா, அப்பா?" என்கிறாள்.

சொற்கள், இப்போது கொஞ்சம்

மாறுவேடத் தமிழ் ஆகாமல் இருக்க ஒரே ஒரு பழக்கம் போதும்: ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு புதுச்சொல் என்று ஜோடி சேர்க்காதீர்கள். எல்லைகளை வேறு இடத்தில் போடுங்கள். ஙிழலில் 'ழல்' மாடியும்தான், தலைமுறையும்தான். அவர்களுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் தண்ணீர் இரண்டு: மேலிருந்து குழாயில் வருவது 'பகி', மழை வேறு சொல். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறது, மலாயிலும் கீத்தா, காமி என்று அதே பிரிவு, ஆங்கிலத்தில் ஒன்றுதான். இதைப் போன்ற இடங்களில் உங்கள் ஆட்கள் எங்கே கோடு போடுவார்கள் என்று கேளுங்கள்.

இருப்பதைச் சேர்த்துப் புதியது செய்யுங்கள். மலாயில் சூரியன் 'நாளின் கண்', மருத்துவமனை 'நோய் வீடு'. மாண்டரினில் கணினி 'மின் மூளை'. நூறு வேர்ச்சொல் இருந்தால் இப்படிப் பல நூறு செய்யலாம். அடிப்படைச் சொற்களுக்குத் துணை வேண்டுமென்றால் மோரிஸ் சுவாதேஷ் தொகுத்த பட்டியல் கிடைக்கும்; 100 சொல்லாகவும் 207 சொல்லாகவும் இருக்கிறது. அவர் அதைத் தொகுத்தது மொழிகளுக்கு இடையிலான உறவை ஆராய. நீங்கள் அதை மேலிருந்து கீழாக நிரப்ப ஆரம்பித்தால் முதல் பத்தியில் சொன்ன நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவீர்கள். விட்டுப்போனது எது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்கு நடுவே மேற்கோள் குறிபோலக் கொம்பு வைத்து அழகு பார்ப்பவர்கள் உண்டு. அது எந்த ஒலியைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வேண்டாம்.

ஓர் அறிவிப்பை மொழிபெயருங்கள்

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நான்கு மொழியில் அறிவிப்பு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. என் வேலைக்குப் பொருத்தமாக, 'தீப்பற்றினால் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள்' என்பதை எடுத்தேன். சின்ன வாக்கியம், ஆனால் நிபந்தனையும் தடையும் ஒன்றாக வருகின்றன.

முதலில் தடை. மறுப்பு என்றால் ஒரே ஒரு 'இல்லை' போதும் என்று நினைப்போம். மலாயைப் பாருங்கள்: பெயரை மறுக்க 'புக்கான்', வினையை மறுக்க 'தீடாக்', செய்யாதே என்பதற்கு 'ஜாங்ஙான்', இன்னும் இல்லை என்பதற்கு 'பெலும்'. தமிழிலும் அல்ல, இல்லை, -ஆதே என்று பிரிந்துதானே கிடக்கிறது! ஙிழலில் தடைக்குத் தனியாக 'மல்' என்று ஒரு சொல் செய்தேன், வினைக்கு முன்னால் வரும். நிபந்தனைக்கு 'மு'. தீ 'ஸின்'. பெட்டி 'கிபல்'. உள்ளே என்பதற்கு 'லி', கிரீன்பெர்க் சொன்னபடி பெயருக்கு முன்.

லிஃப்டுக்கு என்ன சொல்? மேலே போகும் பெட்டி, 'கிபல் தங்ஸு'. கீழேயும்தானே போகிறது என்று மகள் கேட்டாள். கீழே போக இவர்களுக்குப் படி போதும், பெட்டி கட்டியது ஏறுவதற்குத்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய் அவர்களுடைய வாழ்க்கையில் புதிதாக ஒரு செய்தி கிடைத்துவிட்டது பாருங்கள்.

மு ஸின், மல் தங் லி கிபல் தங்ஸு.

தீ என்றால், போகாதே உள்ளே, பெட்டி ஏறுவது. 'தங்'குக்கு மேல், கீழ் வால் ஏன் இல்லை? லிஃப்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது நீங்கள் இன்னும் அதே மாடியில்தானே இருக்கிறீர்கள். கடைசியில் 'லு', 'ஙு' இல்லாததற்குக் காரணம், கட்டளைக்குச் சாட்சி தேவையில்லை. இந்த இரண்டும் நான் முன்பே எழுதிவைத்த விதிகள் இல்லை. வாக்கியம் கேட்டு வாங்கியவை.

இதே மாதிரி உங்களைச் சுற்றியுள்ள பலகைகளை எடுங்கள். எச்சில் துப்பாதீர், வரிசையில் நிற்கவும், துரியான் கொண்டுவரக் கூடாது. துரியானுக்குச் சொல் தேவையா என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழசாக்குவது, எழுத்து, மற்றவை

மொழி புத்தம் புதுசாக மினுங்கினால் பொம்மைபோலத் தெரியும். கொஞ்சம் தேய்க்க வேண்டும். நம் குடும்பத்திலேயே பாடம் இருக்கிறது. தமிழில் பால், பத்து, பல். கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹல்லு. சொல்லின் முதலில் வந்த ப அங்கே ஹ ஆகிவிட்டது, ஒன்றிரண்டு சொல்லில் மட்டும் இல்லாமல் வரிசையாக. இன்னொரு பக்கம், கன்னடத்தில் கிவி என்பது தமிழில் செவி. இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னால் வந்த க நம் பக்கம் ச ஆனது. உங்கள் சொற்கள் எல்லாவற்றின்மீதும் இப்படி ஒரே ஒரு மாற்றத்தை ஓட்டிப் பாருங்கள். ஒழுங்கற்ற வினைகள், வித்தியாசமான பன்மைகள் எல்லாம் நீங்கள் கண்டுபிடிக்காமலே முளைக்கும். கடன் சொல்லும் வேண்டும். கடையும் கப்பலும் கட்டிலும் மலாய்க்குப் போய் கெடாய், காப்பால், காத்தில் ஆகியிருக்கின்றன. இரவுச் சந்தைக்கு மலாயில் சொல்லும் பசார் மாலாம் நம் பேச்சுக்குள் வந்துவிட்டது. அண்டை வீட்டார் இல்லாத மொழி கிடையாது.

எழுத்துரு வரைவதில் பலருக்கு ஆசை. பொறுங்கள். ஒலிகள் ஒரு நிலைக்கு வராமல் எழுத்து வரைந்தால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும். வரையும்போது கொரிய எழுத்தைப் பற்றிப் படியுங்கள். 1440களில் செஜோங் மன்னர் காலத்தில் திட்டமிட்டுச் செய்யப்பட்டது அது. சில மெய்யெழுத்துகளின் வடிவம் வாயும் நாக்கும் நிற்கும் நிலையைக் காட்டுகிறது.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நோட்டுப் புத்தகம், கைப்பேசியில் ஒலிப்பதிவு. பேசிப் பதிவு செய்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அப்போது புரியாத வாக்கியத்தில்தான் பழுது இருக்கிறது. இலக்கண நூல்களுக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் இருக்கிறது. தமிழ், மலாய், சீனம் என்று பக்கத்துப் பக்கத்து அலமாரியில் புரட்டலாம்.

இனி அகராதி. வாக்கியங்கள் ஒரு பத்துப் பக்கம் சேர்ந்த பிறகு எக்ஸெலைத் திறங்கள். வார்த்தைகள் அந்த வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கும், பொறுக்கி எடுத்தால் போதும். முதல் நிரலில் சொல். அடுத்து வகை. பொருளுக்கு ஒற்றைச் சொல் எழுதாமல் ஒரு வரி எழுதுங்கள். நான்காவது நிரலில் அந்தச் சொல் முதலில் வந்த வாக்கியம். இது காலியாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு இன்னும் இடமில்லை, தூக்கிவிடுங்கள். கடைசி நிரலுக்கு நான் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். 'கிபல்' வரிசையில் இப்போது அதில் இருப்பது: காலி டப்பாவும் கிபல்தானா, உள்ளே ஆள் போனால்தான் கிபலா? மிலுவிடம் கேட்க வேண்டும்.